ஒருத்திக்கு ஒரு மேஜை

கப்பலில் ஏறிய முதல் நாள் சாயங்காலமே மாஸ்டரம்மாவுக்கு மானம் போயிற்று.

பெரிய சாப்பாட்டு ஹாலில் எட்டுப் பேர் உட்காரும் வட்ட மேஜை. தனியாக வந்தவர்களை இப்படித்தான் நாலு பேரோடு சேர்த்து உட்கார வைப்பார்களாம், பேச்சுத்துணைக்கு. ஓய்வுபெற்ற பாங்க்காரர் ஒருவர், அவர் மனைவி, புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி, இன்னும் மூன்று பேர். எல்லாரும் நல்ல மனுஷர்கள். கஷ்டமே அதுதான். சூப் வந்தது, போயிற்று. மீன் வந்தது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லார் தட்டும் கழுவி வைத்த மாதிரி ஆகிவிட்டது. மாஸ்டரம்மா மட்டும் மூன்றாவது வாயை மென்றுகொண்டிருந்தாள். மேஜையில் எல்லாரும் முடித்தால்தான் அடுத்தது வரும் என்பது அந்த ஹாலின் வழக்கம். சர்வர் எட்டிப் பார்த்தார், போனார், மறுபடி எட்டிப் பார்த்தார். புதுமாப்பிள்ளை கரண்டியைப் புரட்டிப் புரட்டி வைத்தான்.

"என்னம்மா, மீனோட பேச்சுவார்த்தை நடக்குதா? ஒத்துவரலன்னா சொல்லுங்க, நான் பேசி முடிச்சு வெக்கறேன்" என்றார் பாங்க்காரர்.

மேஜையே சிரித்தது. சிரித்தால் புரை ஏறும் என்று தெரிந்தும் மாஸ்டரம்மாவும் சிரித்தாள். ஏறியது. அத்தனை பேரும் ஒரேயடியாக எழுந்துவிட்டார்கள். ஒருவர் தண்ணீரை நீட்ட, ஒருத்தி முதுகைத் தட்ட, பக்கத்து மேஜைகளும் திரும்பிப் பார்க்க, அவள் கண்ணில் நீர் வழிய "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டினாள். பாதி மீனை அப்படியே தள்ளி வைத்துவிட்டுக் கேபினுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மாஸ்டரம்மா என்பது அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் வைத்த பெயர். டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பழகியவர்கள்தான். பக்கத்து சீட்டில், தனக்கென்று இருக்கும் இன்னொரு பிரேக்கின் மேல் காலை வைத்துக்கொண்டு, லாரிக்கு நேராகப் போகிறவனிடம்கூட, "வண்டிதான் நம்மளது, ரோடு எல்லாருக்கும் பொது. கொஞ்சம் ஒதுங்குவோமா?" என்று குரல் உயராமல் சொல்லக்கூடியவள். போன வருஷம் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து, கதிர் சிகிச்சையும் கொடுத்து, இனி பயமில்லை என்று டாக்டர்கள் அனுப்பி வைத்தார்கள். கட்டி போனது போனதுதான். போகும்போது தொண்டையில் இருந்த லாவகத்தையும் கூடவே கொண்டுபோய்விட்டது. எச்சில் சரியாக ஊறாது. ஒவ்வொரு வாயையும் நன்றாக மென்று, ஒரு மடக்கு தண்ணீர் வைத்து, மோவாயை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கி, சந்தேகத்துக்கு இன்னொரு தரம் விழுங்க வேண்டும். விழுங்கும் பயிற்சி கொடுத்த பெண் சொல்லித் தந்த முறை. மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவித் தூங்கப் போகிற நேரத்தில் இவளுக்குப் பாதிச் சாப்பாடு முடிந்திருக்கும்.

அதுகூடப் பரவாயில்லை. மகளைத்தான் சமாளிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் ஒருநாள் ரொட்டித் துண்டு ஒன்று அடைத்துக்கொண்டு, மாஸ்டரம்மாவின் முகம் நீலம் பாரித்துவிட்டது. மகள்தான் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து வயிற்றை அமுக்கி வெளியே வரவழைத்தாள். அன்றிலிருந்து வீட்டில் மிக்ஸி ஓயவில்லை. காயோ பழமோ, எதுவாக இருந்தாலும் கூழாகித்தான் தட்டுக்கு வந்தது. எதிரே உட்கார்ந்து அம்மாவின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள் மகள். ஒவ்வொரு வாய்க்கும், "இறங்குச்சாம்மா?"

இறங்கிவிட்டது என்று சொல்வதற்குள் அடுத்த வாய் ஆறிப்போகும்.

சிகிச்சை முடிந்ததைக் கொண்டாடத்தான் அம்மாவும் மகளுமாக இந்தக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்தார்கள். மூட்டை கட்டி முடித்த நேரத்தில் மகள் குளியலறையில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டாள். கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டிக்கொண்டு, "நீயும் போக வேணாம்மா, அடுத்த வருஷம் சேர்ந்து போலாம்" என்று அழாக்குறையாகச் சொன்னாள். மாப்பிள்ளைதான் மெதுவாக, "அத்தை போயிட்டு வரட்டுமே. இவ்வளவு நாள் ஆஸ்பத்திரி, வீடுன்னே இருந்துட்டாங்க" என்று இழுத்தார். அந்த மனுஷன் கல்யாணம் ஆனதிலிருந்து சொன்ன ஒரே எதிர்ப்பேச்சு அது. மகள் மலைத்துப்போய் உட்கார்ந்திருக்கும்போதே மாஸ்டரம்மா பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

ஏறி என்ன பிரயோஜனம்? மறுநாளும் அதற்கு மறுநாளும் அந்த வட்ட மேஜைப் பக்கமே அவள் தலைகாட்டவில்லை. தட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்று எடுத்துக்கொள்ளும் இடத்துக்குப் போனால் ஒரே சந்தைக்கடை. காலி நாற்காலி தேடுகிறவர்கள் அவள் முடிக்கட்டும் என்று முதுகுக்குப் பின்னாலேயே நின்றார்கள். மகள் கட்டிக் கொடுத்த சத்துமாவு டின்தான் துணை. மேலே தளத்தில் எல்லாரும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்க, இவள் கேபினில் மாவைக் கலக்கிக் குடித்தாள். மகள் போன் செய்து கேட்டபோது, "ஓ, திவ்வியமா சாப்பிட்டேன்" என்றாள்.

"இறங்குச்சா?"

"இறங்குச்சு, இறங்குச்சு."

நல்லவேளை, போனில் வயிற்றின் சத்தம் கேட்காது.

மூன்றாம் நாள் மத்தியானம் கேபின் டிவியில் ஒரு செய்தி வந்தது. கப்பலின் பின்பக்கத்து மீன் உணவகத்தில் சாயங்காலம் இரண்டு பேருக்கு மேஜை. மகள் வீட்டிலிருந்தே பதிவு செய்து வைத்திருந்தது. கப்பலில் இப்படி மூன்று சின்ன உணவகங்கள் இருந்தன, ஒவ்வொன்றும் ஒரு சமையலுக்கென்று. பெரிய ஹால் போல எல்லாரையும் ஒன்றாக உட்கார வைக்கமாட்டார்கள். வேண்டியவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரலாமென்று சாயங்காலம் மாஸ்டரம்மா கிளம்பினாள். சும்மா விட்டால் பாவம், யாருக்கோ கிடைக்கவேண்டிய இடம்.

உணவகம் அப்போதுதான் திறந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு மேஜைகள். ஈ, காக்காய் இல்லை. முழங்கை வரை சட்டையை மடித்து விட்டிருந்த ஒரு பெண் நாற்காலிகளைச் சரிசெய்துகொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வெண்ணெயில் ஏதோ பொரிகிற வாசனை வந்தது. அந்த வாசனையில் மாஸ்டரம்மாவின் கால் அப்படியே நின்றுவிட்டது.

"ரெண்டு பேருக்குன்னு சொல்லியிருந்தோம். பொண்ணு வரல. அதான் வேணாம்னு சொல்லிட்டுப் போலாம்னு..."

"நீங்க வந்திருக்கீங்களேம்மா."

"நான் ஒருத்திதான்."

"ஒருத்தருக்குன்னா அடுப்பு எரியாதா என்ன? வாங்க."

வேறு நாளாக இருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் திரும்பியிருப்பாள். பசி ரோஷத்தையெல்லாம் தின்றுவிட்டிருந்தது. இந்தப் பெண்ணை இனி ஜென்மத்துக்கும் பார்க்கப் போவதில்லை என்ற தைரியமும் சேர்ந்துகொள்ள, வீட்டு ஆட்களிடம்கூட வாய்விட்டுச் சொல்லாததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"இங்க பாரும்மா, எனக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு. ரொம்ப மெதுவாத்தான் சாப்பிடுவேன். நடுவுல இருமுவேன். யாரும் ஓடி வரக் கூடாது. நல்லாருக்கா, முடிச்சாச்சான்னு வந்து கேக்கக் கூடாது. முக்கியமா, என்னைப் பாக்கக் கூடாது. உதவி வேணும்னா நான் கையத் தூக்குவேன். முடியுமா?"

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "கடலைப் பாத்த மாதிரி ஒரு மேஜை இருக்கு. ஹாலுக்கு முதுகு காட்டி உக்காரலாம். முள் எடுத்த மீனாக் குடுக்கச் சொல்றேன். தட்டைச் சூடு பண்ணி வெச்சா சீக்கிரம் ஆறாது. எதிர்ல இருக்கிற தட்டு, கிளாஸெல்லாம் இருக்கட்டுமா, எடுத்துடவா?"

"எடுத்துடு."

மேஜை அகலமாகிவிட்டது.

காளான் சூப் வந்தது. மாஸ்டரம்மா முதல் கரண்டியை வாயில் வைத்து, பழக்கதோஷத்தில் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கப்பல் கிழித்துவிட்டுப் போகும் வெள்ளைத் தடம், அதற்கும் அப்பால் வெயில் சாய்ந்த கடல். பதில் சொல்லவேண்டிய கேள்வி ஒன்றும் இல்லை. விழுங்கினாள். இன்னொரு தரம் விழுங்கினாள். அடுத்த கரண்டி.

மீன் வெண்ணெயில் மினுமினுத்துக்கொண்டு வந்தது, முழுசாக. மிக்ஸியைக் கண்ணால் கண்டிராத மீன். முள்கரண்டியால் தொட்டால் இதழ் இதழாகப் பிரிந்தது. மூன்று வாய், நாலு வாய் போயிற்று. ருசியில் கவனம் தப்பி, தண்ணீர் வைக்க மறந்து ஒரு துண்டை விழுங்கப்போனாள். அது பாதி வழியில் நின்றது.

வீட்டில் என்றால் இந்நேரம் மகள் பாய்ந்து வந்திருப்பாள். கை தன்னால் மேலே கிளம்பியது. பாதித் தூரம் தூக்கியவள் நிறுத்தினாள். மூச்சு வருகிறதா? வருகிறது. அப்படியானால் அவசரமில்லை. எத்தனையோ பேர் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டுக் கைகால் உதற உட்கார்ந்தபோது, "பதறாதீங்க, திரும்ப ஸ்டார்ட் பண்ணுங்க" என்று சொன்னவள்தானே! மோவாயை நெஞ்சில் பதித்தாள். ஒரு சின்ன மடக்கு தண்ணீர். மூச்சைப் பிடித்து, விழுங்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு இருமல் இருமி, உடனே மறுபடி விழுங்கினாள்.

போயிற்று. சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி போயிற்று.

கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். யாரும் ஓடி வரவில்லை. பின்னால் எங்கோ கண்ணாடித் தம்ளர் துடைக்கிற சத்தம் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. மாதக் கணக்காகத் தோளில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி நடந்து போனது போல இருந்தது அவளுக்கு. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அந்த மீனை விட்டுவைக்கவில்லை. கூடவே வந்த உருளைக்கிழங்கையும் விடவில்லை. வெளியே வந்தபோது உணவகம் நிரம்பியிருந்தது. எப்போது நிரம்பியது என்றே அவளுக்குத் தெரியாது.

மறுநாள் காலை தளத்தில் நடந்துகொண்டிருந்தவளைப் பாங்க்காரரின் மனைவி விரட்டிப் பிடித்தாள். பின்னாலேயே பாங்க்காரர், தப்புச் செய்த பையன் மாதிரி.

"ஏங்க, நீங்க சாப்பிட வராததுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. இவரு வாயி சும்மா இருக்காதுங்க. தினமும் திட்டிக்கிட்டேதான் இருக்கேன்."

"தினமும்" என்றார் பாங்க்காரர் பரிதாபமாக.

மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அய்யோ, அவரு மேல கோவமே இல்லங்க. எனக்குத் தொண்டை சரியில்ல. நாலு பேரு காத்துக்கிட்டிருந்தா இறங்க மாட்டேங்குது."

"ஐயையோ, அதுக்குன்னு தனியாவா உக்காந்து சாப்பிடறது? பாவமா இருக்காதா? இன்னிக்கு நாங்க ரெண்டு பேரும் உங்களோட வந்துடறோம்."

"வேணாங்க. தப்பா நினைக்காதீங்க. தனியாச் சாப்பிடறதுதான் எனக்குப் பரம சுகமா இருக்கு. சாப்பாடு முடிஞ்சு காபி குடிக்க வாங்க, எவ்வளவு நேரம் வேணா பேசலாம். காபி எனக்கு நல்லா இறங்கும்."

பாங்க்காரர் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? கோவமில்லையாம். இனிமேலாவது என்னைச் சாப்பிட விடு."

அன்று சாயங்காலம் நெருப்பில் வாட்டிய இறைச்சிக்குப் பேர்போன இரண்டாவது உணவகம். மத்தியானமே இடம் சொல்லி வைத்திருந்தாள். இந்தத் தடவை வாசலிலேயே, கூச்சமில்லாமல், "ஒருத்தி. மெதுவாச் சாப்பிடுவேன். என்னைப் பாக்க வேணாம்" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கென்று மெத்தென்று வேகவைத்துச் சாறோடு கொண்டுவந்தார்கள். கால் பங்கு உள்ளே போயிருக்கும், போன் கூப்பிட்டது. மகள், வீடியோவில்.

"அம்மா, எங்க இருக்கே? அது என்ன தட்டுல? முழுசா இருக்கு! அம்மா, அது கறியா? யாரு பக்கத்துல?"

"கறிதான். பக்கத்துல யாருமில்ல. நேத்து மீன். ஒருதரம் நின்னுச்சு, நானே சரிபண்ணிட்டேன்."

மகள் அழத் தொடங்கினாள். ஸ்டூல் மேல் நீட்டிய கட்டுக்கால் படத்தின் மூலையில் தெரிந்தது.

"அன்னிக்கு நீ நீலமாப் போனியேம்மா. கண்ண மூடினா அதுதான் வருது. உனக்குத் தொல்லையா இருக்குன்னு எனக்குத் தெரியாதா? கேக்காம இருக்க முடியல. நானுந்தான் சூடா ஒரு வாய் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு. உன் தொண்டையவே பாத்துக்கிட்டிருந்தா என் சாப்பாடு எங்க இறங்கும்?"

மாஸ்டரம்மா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். தன் தட்டையே பார்த்துப் பழகியவளுக்கு எதிர்த் தட்டில் என்ன இருந்தது என்று இத்தனை நாள் தோன்றவே இல்லை.

"இப்ப சாப்பிட்டியா?"

"இல்ல. அவர் இப்பத்தான் கொண்டாந்து வெச்சாரு."

"சூடா இருக்கா?"

"ஆவி பறக்குது."

"அப்ப சாப்பிடு. என்னைப் பாக்காம சாப்பிடணும். நானும் சாப்பிடறேன். ஏதாவது ஆச்சுன்னா சத்தம் குடுப்பேன், இங்க சுத்தி ஆளு இருக்காங்க. வீட்டுக்கு வந்தப்புறமும் இதே மாதிரிதான். பக்கத்துல உக்காரு, வேணாங்கல. நீ உன் தட்டைப் பாரு."

"மிக்ஸி?"

"அதுக்கும் கொஞ்சம் ரெஸ்ட் குடு."

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். மாஸ்டரம்மா போனை உப்பு டப்பாவின் மேல் சாய்த்து, ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அந்தப் பக்கம் தட்டில் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது, நடுவில் மாப்பிள்ளை இன்னும் கொஞ்சம் போடவா என்று கேட்பதும், மகள் வாய் நிறைய வைத்துக்கொண்டு ம்ம் என்பதும். மாஸ்டரம்மா ஒரு துண்டை வெட்டிச் சாறில் நன்றாகப் புரட்டி வாயில் போட்டுக்கொண்டாள். அவசரமே இல்லாமல் மென்றாள்.