கொடை நோட்டீஸ் போன இடம்

திருவேங்கடம் சாலையில் இருந்த அந்த அச்சகத்தில் மூன்று கம்ப்யூட்டர்கள், பேச்சு நின்றுபோன சம்பந்திகளைப் போல இருந்தன. எழுத்து அடிக்கும் இசக்கிப்பாண்டியிடம் விண்டோஸ். படம் வடிவமைக்கும் நிர்மலாதேவியிடம் மேக். அச்சு எந்திரத்துக்குப் பிளேட் எடுக்கும் அறையில் லினக்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு எது போவதானாலும் பென் டிரைவில்தான் போகும். போகிற வழியில் பழையது புதியதாகும், புதியது காணாமல் போகும், பழி மட்டும் யார் தலையிலாவது தவறாமல் போய் உட்காரும்.

முதலாளி கோமதிநாயகம் கடையநல்லூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலை தெரிந்த ரிஸானாவைக் கூட்டிவந்தது இதற்காகத்தான். அவள் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து அதையே சர்வர் ஆக்கினாள். மூன்று கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் சம்பா என்ற இலவச மென்பொருளை அதில் போட்டாள்.

"சம்பான்னா எது, சீரகச் சம்பாவா?" என்றான் இசக்கிப்பாண்டி.

"எதுவானாலும் வெந்தா சரி, அண்ணே," என்றாள் அவள், திரையை விட்டுத் திரும்பாமல்.

ஒரு வாரத்தில் மூன்று திரைகளிலும் ஒரே போல்டர் தெரிந்தது. அவரவர் பெயரில் உள்ளே நுழைய வேண்டும். நிர்மலா மேக்கில் மாற்றியது இசக்கிப்பாண்டியின் விண்டோஸில் எழுத்து உடையாமல் திறந்தது. நல்ல வேலை என்று அவனுக்குத் தெரிந்தது. சொல்ல வாய் வரவில்லை. தன் பைலை நாலு கை எட்டும் இடத்தில் போட்டுவைப்பது, வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போவது போல இருந்தது அவனுக்கு.

அந்தச் சமயத்தில்தான் பனவடலிசத்திரம் பக்கத்தில் இருக்கும் அவனுடைய சொந்த ஊரிலிருந்து அம்மன் கோவில் கொடைத் திருவிழா நோட்டீஸ் வேலை வந்தது. நோட்டீஸில் சாமி படம் எப்படி இருந்தாலும் ஊர் பொறுத்துக்கொள்ளும். கோவிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களின் பெயர் வரிசை மாறினால் பொறுக்காது. மேலத் தெருக்காரர்களும் கீழத் தெருக்காரர்களும் அவன் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பெயருக்கும் மல்லுக்கட்டி, ஒருவழியாக வரிசையை முடித்தார்கள். தாளில் எடுத்துக் கொடுத்தால் மறுபடி பேனாவைத் திறப்பார்கள் என்று அவன் பிரிண்ட்கூட எடுக்கவில்லை. எழுந்திருக்கும்போது மேலத் தெருப் பெரியவர் மகாராஜா சொன்னார்:

"ஏலே இசக்கி, இனி இதுல எவன் கையாவது பட்டுதுன்னா நீ ஊருக்குள்ள வந்திராத."

"ஈ கூட உக்காராது மாமா."

வாக்கைக் காப்பாற்ற அவன் ஒரு காரியம் செய்தான். பொதுப் போல்டரில் இருந்த அந்தப் பைலை வெட்டியெடுத்துத் தன் கம்ப்யூட்டருக்குள் ஒட்டிக்கொண்டான். மேசை டிராயரில் போட்டுப் பூட்டியது போல நிம்மதியாக இருந்தது. சாப்பிடப் போனான்.

அவன் திரும்பி வருவதற்குள் கரண்ட் போய் வந்திருந்தது. மேக் எழுந்தது. சர்வர் எழுந்தது. அவனுடையது மட்டும் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோட்டைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. ரிஸானா பெட்டியில் காதை வைத்துக் கேட்டாள்.

"டிஸ்க் போயிட்டு."

அன்று சாயங்காலம் ஊரில் கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டு. அதற்குள் நோட்டீஸ் அங்கே போய்ச் சேர வேண்டும்.

"அதுக்கென்ன, சர்வர்ல கிடக்கும்லா," என்று நிர்மலா போல்டரைத் திறந்தாள். காலியாக இருந்தது. "எங்கண்ணே?"

"நாந்தான் பத்திரமா எடுத்து உள்ள வச்சேன்."

"உள்ளன்னா?"

அவன் செத்துப்போன பெட்டியைக் காட்டினான்.

"நல்லா வச்சீரு வே," என்றார் கோமதிநாயகம்.

முதல் நாலைந்து பெயர்களுக்கு மேல் வரிசை இசக்கிப்பாண்டிக்கு நினைவில் இல்லை. இரண்டு தெருவையும் மறுபடி கூட்டி உட்காரவைத்தால் சண்டைதான் மிஞ்சும். கொடையே நின்றாலும் நிற்கும். நிறுத்தியவன் பெயரை ஊர் ஆயுசுக்கும் மறக்காது.

ரிஸானா எதையும் தேடுகிறவள் போலத் தெரியவில்லை. சர்வரில் மற்ற மூவருக்கும் தெரியாத ஒரு போல்டரைத் திறந்தாள். நோட்டீஸ் அங்கே கிடந்தது, கடைசியாகத் திருத்திய வடிவத்திலேயே.

"பொதுவுல இருந்து யாரு எதை வெட்டுனாலும் அழிச்சாலும் இங்கன வந்து விழுந்திரும்."

"இத எப்பம் செஞ்ச?"

"வந்த அன்னைக்கே. நீங்க பென் டிரைவச் சட்டைப் பைல போட்டுக்கிட்டு டீ குடிக்கப் போனீங்கள்லா, அதப் பாத்துட்டுத்தான்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா."

"சொல்லியிருந்தா அதையும் வெட்டி எடுத்துட்டுப் போயிருப்பீங்க."

நிர்மலா சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மேக்கையும் விண்டோஸையும் சேர்த்துவைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். இவள் அவனைத் திருத்தப் பார்க்கவில்லை, உபதேசம் செய்யவில்லை. அவன் கெடுப்பான் என்று தெரிந்து, அதற்கும் ஓர் இடம் ஒதுக்கி வேலையை முடித்திருந்தாள். அப்படி ஒரு வேலையை அவன் இதுவரை கண்டதில்லை.

நோட்டீஸ் மேக்கில் எழுத்து பிசகாமல் திறந்திருந்தபோது, அச்சடித்ததை வாங்கிப்போக மகாராஜா வந்து சேர்ந்தார். திரையில் விரலை ஓட்டி, ஒரு பெயர் விடாமல் படித்தார்.

"எல்லாம் அதது இடத்துல இருக்கு. பத்திரமா வச்சிருந்திருக்க."

ஆமாம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. இசக்கிப்பாண்டி ரிஸானாவைக் கை காட்டினான்.

"நான் தொலைச்சிட்டேன் மாமா. இந்தப் பிள்ளதான் வச்சிருந்துச்சு."

மகாராஜா ரிஸானாவையும் மூலையில் இருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"வேற ஒண்ணுமில்ல தாயி. எம் மருமவன் பேரு கொஞ்சம் கீழ கிடக்கு. ரெண்டு வரி மேல தூக்கணும்."

"தூக்கலாம் அண்ணாச்சி. யாரு மாத்துனா, எப்பம் மாத்துனான்னு இந்தச் சர்வர் எழுதி வச்சிக்கிடும். கீழத் தெருவுல வந்து கேட்டா காட்டணும்."

மகாராஜா இசக்கிப்பாண்டி பக்கம் திரும்பினார். அவன் செத்துப்போன பெட்டியின் வயரைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"கிடக்கட்டும்," என்றார் எழுந்துகொண்டே. "அப்படியே அடிச்சிருங்க."