கேட்டுக்கு வெளியே ஒரு குடம்

எண்பத்தேழில் மழை ஏமாற்றிவிட்டது. தீபாவளி கழிவதற்குள்ளேயே செம்பூரில் கனகவள்ளி குடியிருந்த கட்டடத்தில் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் என்று தண்ணீர் விட ஆரம்பித்தார்கள். கார் கழுவக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது, பால்கனியைக் கழுவிவிடக் கூடாது என்று சொசைட்டி செக்ரட்டரி பஞ்சாபகேசன் மாடிப்படிக்குக் கீழே எழுதி ஒட்டினார். கனகவள்ளி வாசல் தெளிப்பதை நிறுத்தினாள். ஈரத்துணியால் துடைத்துவிட்டு அதன் மேலேயே சின்னதாகக் கோலம் போட்டாள்.

பஞ்சாபகேசன் தனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம் என்று இருக்கிறவர் இல்லை. அவருடைய பியட் காரின் மேல் விரலால் பெயர் எழுதுகிற அளவுக்குத் தூசி ஏறியிருந்தது. மனைவி ஆசையாக வளர்த்த மல்லிகை கருகியபோதும் ஒரு செம்பு ஊற்ற விடவில்லை. அதனால் அவர் மற்றவர்களைக் கேட்கும்போது யாராலும் பதில் பேச முடியவில்லை.

கனகவள்ளிக்கு மட்டும் அவரைக் கண்டால் பயம். அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களெல்லாம் பாங்க், ரயில்வே, இன்ஷூரன்ஸ் என்று ஆபீஸ் போகிறவர்கள். அவள் புருஷன் பெரியநாயகத்துக்குத் தாராவியில் மளிகைக் கடை. இரண்டு வருஷத்துக்கு முன்புவரை கடைக்குப் பின்னால் இருந்த சந்தில்தான் குடித்தனம். பையன்கள் பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டுமென்று இங்கே ஃபிளாட் வாங்கி வந்தார்கள். வந்த புதிதில், மாடிப்படியில் யாரோ யாரிடமோ “தாராவிக்காரா” என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அவள் படியில் இறங்கும்போது சேலையைச் சரிசெய்துகொண்டுதான் இறங்குவாள்.

தண்ணீர் வெட்டு வந்த பிறகு ஒரு நாள், பாத்திரம் தேய்க்க வருகிறவள் கெஞ்சினாள் என்று அரை வாளி தண்ணீர் கொடுத்தனுப்பினாள். வாட்ச்மேன் பார்த்துவிட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பஞ்சாபகேசன் எழுந்தார்.

“வெளி ஆளுக்குத் தண்ணி கொடுக்க ஆரம்பிச்சா, பின்னால இருக்கிற ஜோப்படி, குடிசை மொத்தமும் நம்ம கேட்டுல வந்து நிக்கும். மிஸஸ் பெரியநாயகம் இதைப் புரிஞ்சுக்கணும்.”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின் வரிசையில் ஒரு பெண் குரல், “அவாளுக்கு அந்தப் பழக்கம் இருக்கும் இல்லையா” என்றது. கெட்ட எண்ணத்தில் சொன்னதாகக்கூடத் தெரியவில்லை. கனகவள்ளி கூட்டம் முடிகிறவரை தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் அது நடந்தது. சாயங்காலம் காய்கறி வாங்கிக்கொண்டு அவள் கேட்டுக்குள் நுழைந்தாள். பஞ்சாபகேசன் பம்ப் ரூம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பின்புறத்துக் குடிசைகளிலிருந்து வந்த இரண்டு பெண்கள் பிளாஸ்டிக் குடத்தோடு கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் கேட்க, வாட்ச்மேன் அவர்களை விரட்டிக்கொண்டிருந்தான்.

“இவாளை எல்லாம் என்னதான் பண்றதுன்னு தெரியலை” என்றார் பஞ்சாபகேசன். அவர் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

அப்போதுதான் கனகவள்ளி சைனப்பைப் பார்த்தாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு தெருவைத் தாண்டி நேராகக் கேட்டைப் பார்த்து வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் ஒரு குடம். பழைய சேலைத் துணி சுற்றி, வாய் மட்டும் வெளியே தெரிந்தது.

சைனப் தாராவியில் அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் ஜமால் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தான். கனகவள்ளிக்கு இளையவன் ஆபரேஷனில் பிறந்தான். வீட்டுக்கு வந்தபின் அவளால் குனியவும் முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. சைனப்தான் விடியற்காலையில் குழாயடியில் சண்டை போட்டுத் தன் வீட்டுக்கும் இவள் வீட்டுக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்தாள். தையல் ஆறி இவள் எழுந்து நடமாடுகிறவரை இந்த வீட்டு டிரம் காலியானதில்லை.

சைனப் இவளைப் பார்த்துவிட்டாள். முகம் மலர்ந்து, குடத்தைப் பிடிக்காத கையைத் தூக்கினாள்.

“யாரும்மா அது? உங்களைப் பாத்துதான் வரா போலிருக்கே” என்றார் பஞ்சாபகேசன்.

கனகவள்ளிக்குக் கண்ணில் பட்டது அந்தக் குடம் மட்டும்தான். கூட்டத்தில் திரும்பிய முகங்கள் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சைனப் வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். தமிழில் இல்லை, ஹிந்தியில்.

“பானி நஹீ மிலேகா. ஜாவோ, ஜாவோ.”

தண்ணீர் கிடைக்காது, போ போ. காய்க்காரனிடமும் குப்பைக்காரியிடமும் பேசுகிற அதே குரல்.

சைனப்பின் தூக்கிய கை அப்படியே நின்றது. இவளைப் பார்த்தாள். பஞ்சாபகேசனைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களையும் பார்த்தாள். பிறகு கையை இறக்கித் துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள்.

“அச்சா, பாயி” என்றாள், சரிங்கம்மா என்று அவளும் ஹிந்தியிலேயே. திரும்பி நடந்தாள்.

“நீங்க இப்ப கரெக்டா பேசினேள்” என்றார் பஞ்சாபகேசன்.

கனகவள்ளி படியேறினாள். என்ன செய்வது, ரூல் அப்படி, அவளுக்கே தெரியும், நாளைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தாள்.

இரவு பெரியநாயகம் சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டார். “சைனப் வந்தாளா?”

“ஏன், என்ன?”

“அவ மக ஆபிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிட்டு. உன் கிட்ட நேர்லதான் சொல்லணும்னு ஒத்தக் கால்ல நின்னா. மத்தியானம் கடைக்கு வந்து அட்ரஸ் கேட்டுட்டுப் போனா. மகளுக்குச் சீர்க் குடம் ஒண்ணு வாங்கணும்னு சொன்னா. செம்பூர் ஸ்டேஷன் பக்கத்துல பித்தளைப் பாத்திரக் கடை இருக்குன்னு நாந்தான் சொல்லிவிட்டேன். கனகுகிட்டக் காட்டிட்டுத்தான் வீட்டுக்குக் கொண்டுபோவேன்னா.”

கனகவள்ளி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“வந்தாளா, இல்லியா?”

“இல்ல. வரலை” என்றாள்.

அந்தப் பொய் எப்படியும் மறுநாள் உடைந்துவிடும் என்று இரவெல்லாம் பயந்தாள். உடையவில்லை. ஜமாலே கடைக்கு வந்து பத்திரிகை கொடுத்துவிட்டுப் போனான் என்றார் பெரியநாயகம். “சைனப் வந்திருக்கா பாரு. வீடு பூட்டிக் கிடந்துச்சாம். நீ எங்க போயிருந்த?”

“மார்க்கெட்டுக்கு” என்றாள். சைனப் தன் புருஷனிடம்கூட நடந்ததைச் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் சொல்லியிருந்தால்கூட இவள் இவ்வளவு குன்றிப்போயிருக்க மாட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் தாராவிக்குப் போய்க் காலில் விழாத குறையாக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். தினமும் ஒரு காரணம் கிடைத்தது. கடைசியில் கல்யாண நாளே வந்துவிட்டது.

மாஹிம் பக்கம் ஒரு ஹால். பெண்கள் பகுதியில் தெரிந்த முகங்கள் எல்லாம் இருந்தன. பழைய சந்துக் கல்யாணங்களில் கனகவள்ளி முந்தின நாளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிடுவாள். சைனப் அவளை “ஏளா, சும்மா பேசிட்டே இருக்காத, கையை ஓட்டு” என்று அதட்டுவாள். இன்று வாசலில் அவளைப் பார்த்ததும் சைனப் இரண்டு கையாலும் வரவேற்றாள்.

“வாங்க, வாங்க. அண்ணாச்சி வந்திருக்காகளா? இங்கன ஃபேனுக்குக் கீழ உக்காருங்க.”

கனகவள்ளி அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் எதுவும் இல்லை. வெளியூரிலிருந்து வந்த சம்பந்தக்காரியிடம் பேசுகிற மாதிரி பேசினாள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, “இவுகளுக்கு ஒரு கூல்டிரிங்க்ஸ் கொண்டா” என்றாள்.

“எனக்கு எதுக்குக் கூல்டிரிங்க்ஸ்? உள்ள என்ன வேலை கிடக்கு சொல்லு, செய்யுதேன்.”

“ஐயோ, நீங்க எதுக்கு. ஆள் இருக்கு.”

“சைனப், அன்னைக்கு நான்...”

“அன்னைக்கு நீங்க வீட்டுல இல்லையே” என்றாள் சைனப் சட்டென்று. “பூட்டிக் கிடந்துச்சு. பரவாயில்ல, இப்ப வந்துட்டீகள்லா.” மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று யாரோ கூப்பிட, போய்விட்டாள்.

பிரியாணிக்கு முதல் பந்தியிலேயே கனகவள்ளிக்கு இடம் போட்டிருந்தார்கள். ஆபிதா தோழிகளுக்கு நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சுவரோரம் சீர்ப் பாத்திரங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். கனகவள்ளி அந்தப் பக்கமே திரும்பவில்லை.

திரும்பி வரும்போது டாக்ஸியில் பெரியநாயகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. “உனக்கு என்ன மரியாதை பாத்தியா! எல்லாரும் பாக்க நடுவுல உக்கார வச்சா.”

கனகவள்ளி அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே கேட்டில் நடந்ததை எல்லாம் சொன்னாள். வண்டி சயான் தாண்டியபின் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தெரிஞ்சவங்கன்னு சொன்னா அந்த ஆளு உன்னைய என்ன செஞ்சிருப்பாரு?”

யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் செய்திருக்க மாட்டார். உறவுக்காரர்கள் வரக் கூடாது என்று எந்த ரூலும் இல்லை. “உள்ள வரச் சொல்லுங்கோ” என்றுகூடச் சொல்லியிருப்பார். வீடு வந்து சேர்கிறவரை பெரியநாயகம் அவள் பக்கம் திரும்பவில்லை.

மறுநாள் பையன்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். சந்தில் குழாய்க்கு முன்னால் காலிக் குடங்கள் வளைந்து வளைந்து நின்றன. சைனப் தன் வீட்டில் கல்யாணத்துக்கு விரித்த ஜமுக்காளங்களை மடித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எழுந்தாள்.

“வாங்க...”

“நிப்பாட்டு. பூட்டிக் கிடந்துச்சுன்னு மறுபடியும் சொல்லாத” என்றாள் கனகவள்ளி. “நான் கேட்டுலதான் நின்னேன். தண்ணி கேட்டுத்தான் வந்திருக்கன்னு நெனச்சேன். அந்த மனுசன் முன்னால உன்னையத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க வெக்கப்பட்டேன். அதுதான் நெசம்.”

சைனப் மடித்த ஜமுக்காளத்தை மற்றதின் மேல் வைத்தாள்.

“தண்ணி இல்லைன்னு சொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். “தண்ணி யாருகிட்ட இருக்கு? தமிழ்ல சொல்லியிருந்தீகன்னா, அந்த எடத்துலயே உங்களோட சண்டை போட்டிருப்பேன். குடத்தைத் தூக்கிக் காட்டி நாலு வார்த்தை ஏசியிருப்பேன். ஹிந்தியில சொன்னீக. அதுக்கு என்ன பதில் சொல்லணும்னு எனக்குத் தெரியலை.”

கனகவள்ளி அழுதாள். சைனப் அழவில்லை.

“சரி, விடுங்க” என்றாள். “டீ போடுதேன். உக்காருங்க.”

உள்ளே ஆபிதா இல்லாத வீடு அமைதியாக இருந்தது. புதுச் சம்பந்தக்காரர்களைப் பற்றியும், பெண்ணைத் தாணேயில் குடிவைக்கப்போவதைப் பற்றியும் சைனப் பேசினாள். பழையபடி எல்லாவற்றையும் பேசினாள், பழைய ‘ஏளா’ மட்டும் வரவில்லை. கனகவள்ளி டீயைக் குடித்துவிட்டு, ஜமுக்காளங்களை மடிக்கக் கை கொடுத்தாள். இந்த முறை சைனப் தடுக்கவில்லை. இருவரும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து மடித்தார்கள்.

கிளம்பும்போது சைனப் சந்து முனைவரை கூடவே வந்தாள்.

“பாத்துப் போங்க” என்றாள்.