இரண்டாகத் தெரிந்த தம்பி

கரையோரச் சிமெண்டுச் சுவரின் பின்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்து, கினுயே கேமராவின் பொத்தானை அழுத்தினாள். முன்பக்கக் கதவு டக்கென்று திறந்து விழுந்தது. மடிந்து கிடந்த தோல் துருத்தி விரிந்து, லென்ஸ் தன் இடத்தில் வந்து நின்றது.

"மீன் சுட அடுப்பு ஊதவா அக்கா அதை வாங்கின?" பனிக்கட்டியின் மேலிருந்து கத்தினான் தம்பி தொமோஹாரு.

"வாயை மூடிக்கிட்டு நேரா நில்லு. தொப்பையை உள்ள இழு."

"உள்ள இடமில்ல. காலையில சாப்பிட்ட நண்டுக் கஞ்சி அங்கதான் இருக்கு."

ஜப்பானின் வடகோடியில், ஒஹோட்ஸ்க் கடலின் பனிக்கட்டிகள் அன்று விடிகாலையில்தான் மிதந்துவந்து கரையில் ஒட்டியிருந்தன. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளை. வானமும் மூடியிருந்ததால் நிழல் என்று ஒன்று கிடையாது. எது பக்கம், எது தூரம் என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருக்கும் கினுயேவுக்கு விடுமுறை கிடைப்பதே அபூர்வம். அந்த வெள்ளையின் நடுவே ஒற்றை மனிதன் நிற்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்று பல குளிர்காலமாக ஆசை. பனிக்கட்டிமேல் ஏறக்கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். பனி அள்ளும் வண்டி ஓட்டும் தொமோஹாருவுக்கு அந்தப் பலகையைப் பார்த்தாலே சிரிப்பு. "பொறந்ததுலேருந்து இதுமேலதான் ஓடுறேன்" என்று ஏறிவிட்டான். அவளும் தடுக்கவில்லை.

கேமரா சப்போரோவில் நடந்த பழைய கேமராச் சந்தையில் வாங்கியது. அவள் பிறப்பதற்கு முன்பே செய்தது. பார்க்கும் துளையின் நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு இருக்கும். அந்தப் பொட்டுக்குள் ஒரு ஆள் இரண்டு ஆளாகத் தெரிவார். சக்கரத்தைத் திருப்பத் திருப்ப இருவரும் நெருங்கி ஒருவராவார்கள். ஒன்றான இடத்தில் சக்கரம் காட்டுவதுதான் தூரம். அந்தத் தூரமானியை வீட்டுக் கூடத்தில் அளவு நாடாவை விரித்து அவளே சரிசெய்திருந்தாள்.

பொட்டுக்குள் இரண்டு தொமோஹாருக்கள். திருப்பினாள். ஒன்றானான். ஐந்து மீட்டர். வெளிச்சத்தை யோசித்து, லென்ஸின் திறப்பைக் குறைத்து, ஷட்டரை இழுத்துவைத்துவிட்டு மறுபடி கண்ணை வைத்தாள்.

தம்பி இரண்டாகப் பிரிந்திருந்தான்.

"ஏன்டா நகர்ந்த?"

"நானா? மூக்கு உறைஞ்சு சிலையா நிக்கறேன்!"

மறுபடி ஒன்றாக்கினாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் தோளிலிருந்து இன்னொரு தோள் மெல்லக் கிளம்பி விலகியது.

"என்னாச்சு? செத்துப்போச்சா உன் துருத்தி?" என்றான். "உன்னை நல்லா ஏமாத்தி வித்துட்டான் அந்த சப்போரோக்காரன்."

அவளுக்கும் அதே சந்தேகம்தான். குளிரில் உள்ளே கண்ணாடி ஏதாவது அசைந்திருக்குமோ? பக்கத்தில் இருந்த எச்சரிக்கைப் பலகையின் கம்பத்தைப் பொட்டுக்குள் பிடித்துப் பார்த்தாள். இரண்டு கம்பமும் ஒன்றாகின. அப்படியே நின்றன. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள்; மயிரிழை கூடப் பிரியவில்லை.

கேமராவில் கோளாறு இல்லை.

அப்போதுதான் பிடரியில் அடிக்கும் காற்று அவளுக்கு உறைத்தது. தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசிக்கொண்டிருந்தது.

"தொமோ! திரும்பி வாடா! பனி நகருது!"

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "போன வருஷம் கரடின்னு கத்தி என்னை ஓடவிட்டியே, மறந்துட்டேன்னு நினைச்சியா?"

"சத்தியமாடா! அந்த மேட்டைத் தாண்டி எட்டிப் பாரு!"

கட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கரையோரமாக மேடு கட்டியிருந்தன. அதனால் அதன் அடியில் என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியவில்லை. தொமோஹாரு சலிப்போடு வந்து மேட்டுக்கு மேலே தலையை நீட்டினான். அவன் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. கீழே கறுப்பாகத் தண்ணீர்.

"அக்கா" என்றான். சின்ன வயசில் கூப்பிட்ட குரல்.

பிறகு பரபரவென்று தெற்குப் பக்கம் பார்த்தான். "அதோ, பனியோட அந்த முனை கரைக்குப் பக்கத்துல இருக்கு. ஒரே தாவு."

கினுயேவுக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அந்த வெள்ளையை அவள் நம்பவில்லை. முனைக்கு நேராக ஓடிப்போய்க் கண்ணை வைத்தாள். அவள் மூச்சு பட்டுத் துளை மங்கியது. கையுறையைப் பல்லால் கழற்றி, விரலால் துடைத்து, சக்கரத்தைத் திருப்பினாள். நான்கு மீட்டர். அதுவும் ஒரு கணம்தான், உடனே பிரிந்தது.

"தாவாதே! நாலு மீட்டருக்கு மேல இருக்கு! இன்னும் விலகுது!"

"அந்தப் பெட்டி சொல்றதைக் கேட்டா நான் அக்கரை ரஷ்யாவுக்குத்தான் போவேன்!" அவன் பின்வாங்கி, ஓடிவரத் தயாரானான்.

"தொமோ! நான் அலைதடுப்புகிட்ட போய் பாத்துட்டு வரேன். அதுவரைக்கும் நில்லு. நீ தாவினா நானும் குதிப்பேன், சொல்லிட்டேன்!"

அவள் குதிப்பாள் என்று அவனுக்குத் தெரியும். நின்றான்.

துறைமுகத்தின் அலைதடுப்பு வடக்கே இருந்தது. பனிக்கட்டியின் அந்தப் பக்க மூலை எட்டாத தூரத்தில் இருப்பதுபோல் தோன்றியது. முழங்கால் ஆழப் பனியில் விழுந்து எழுந்து ஓடினாள். மூலையில் பனிக்குள் பாதி புதைந்திருந்த கறுப்பு வலை மிதவை ஒன்று கண்ணில் பட்டது. அதைப் பொட்டுக்குள் பிடித்து ஒன்றாக்கினாள். காத்திருந்தாள். மிதவை ஒன்றாகவே இருந்தது. எங்கேயோ கல்லில் சிக்கி, பனிக்கட்டி அந்த மூலையைக் கீலாக வைத்துக் கதவுபோலத் திறந்துகொண்டிருந்தது.

"இங்க வா! இந்த மூலை அசையலை! ஓடி வா!"

தொமோஹாரு தெற்கு முனையை ஒரு தரம் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு ஓடிவந்தான்.

அவன் மூலைக்கு வந்தபோது அடியில் ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. அலைதடுப்பின் சிமெண்டுக் கட்டைகளுக்கும் அவனுக்கும் நடுவே நொறுங்கிய பனி கஞ்சியாகக் குழம்பிக்கொண்டிருந்தது. கினுயே ஒரு கட்டைமேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினாள். அவன் தாவினான். ஒரு கால் கட்டையில் பட்டது. மற்ற கால் வழுக்கி, இடுப்புவரை தண்ணீரில் இறங்கிவிட்டான்.

அவனுடைய கோட்டுக் கழுத்து அவள் பிடியில் இருந்தது. அவ்வளவு கனத்தை அவளால் தூக்க முடியாது. விடவும் முடியாது. "காலை ஊனுடா! கீழ கல் இருக்கு, தேடு!" என்று அலறினாள். கழுத்தில் தொங்கிய கேமரா அவள் மார்புக்கும் சிமெண்டுக்கும் நடுவே நசுங்கியது. என்னவோ உடைந்தது. அவன் கால் எதையோ கண்டுபிடித்தது. உந்தி எழுந்தான். இருவரும் ஒருவர்மேல் ஒருவராகக் கட்டைமேல் விழுந்தார்கள்.

அலறல் கேட்டுத் துறைமுகத்திலிருந்து ஓடிவந்த மீனவர்கள் அவனுக்குக் கம்பளியைப் போர்த்திவிட்டபடியே திட்டினார்கள். "இந்த வயசுல அறிவு வேணாம்?" இருவரும் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்கள். தொமோஹாருவின் பற்கள் அடித்துக்கொண்டதில் பாதி மன்னிப்பு வெளியே வரவில்லை.

காரில் ஹீட்டரை முழுசாக வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டினாள். பாதி வழியில் அவன் கேட்டான்: "படம் எடுத்தியா?"

"இல்ல."

"அவ்வளவு நேரம் நின்னேனே, ஒண்ணு கூடவா அடிக்கல?"

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். அவன் உறைந்த கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடது காலில் இரண்டு விரல்கள் உணர்ச்சியற்றுப் போயின. அந்தக் குளிர்காலம் முழுக்க அவனால் வண்டி ஓட்ட முடியவில்லை. கினுயேதான் தினமும் வேலை முடிந்து போய்க் கட்டு மாற்றி, உடோன் நூடுல்ஸ் காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தாள். கதவு வளைந்து, துருத்தி கிழிந்த கேமரா காரின் பின் சீட்டுக்கு அடியிலேயே கிடந்தது. அதன் ஞாபகமே அவளுக்குப் பல நாள் கழித்துத்தான் வந்தது.