வெள்ளாற்றுக் கொல்லன்

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து தெருவில் பைக்குகள் திரும்பிக்கொண்டிருந்த நேரத்தில், தான் செய்த கவசத்தை யாரோ ஒருவன் போட்டுக்கொண்டு நிற்பதை ஷமீமா பார்த்தாள். கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் இருக்கும் சந்தை ஊரில், குதிரை விற்பவன் கடை வாசலில். அதே கரும்பச்சை நிறம், தோள்பட்டையில் அவள் வைத்த மீன்செதில் வேலைப்பாடு. மவுஸை அதன்மேல் கொண்டுபோனாள். செய்தவர்: வெள்ளாற்றுக் கொல்லன். அது விளையாட்டில் அவளுடைய பெயர். அப்படியொரு கவசம் அந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை அவள் தன் புருஷன் ஷாகிருக்குச் செய்து கொடுத்திருந்தாள்.

ஷாகிர் குவைத்தில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தான். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் அவர்கள் சேர்ந்திருந்தது எண்பத்தேழு நாள். இரண்டாவது லீவில் அறந்தாங்கிக்கு வந்தபோது பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து இந்த விளையாட்டைப் போட்டுக் கொடுத்தான். "வெள்ளிக்கெழமை அஞ்சு மணிக்கு உள்ள வந்துரு புள்ள. போன்ல என்னத்தப் பேசுறது, சாப்பிட்டியா தூங்குனியான்னு. இதுலன்னா சேந்து நடக்கலாம்ல" என்றான். பொம்பளைப் பெயர் வைத்தால் கண்டவனும் வந்து பேசுவான் என்று, தாடி வைத்த கொல்லன் உருவத்தையும் பெயரையும் அவனே தேர்ந்தெடுத்தான்.

அவனுக்கு வாளைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்தான் ஆசை. ஓடிய வேகத்தில் செத்தும் போவான். செத்தவன் ஆவியாகச் சுடுகாட்டில் எழுந்து, விழுந்த இடத்துக்குப் பத்து நிமிஷம் நடந்து வர வேண்டும். அவர்களுக்குக் கிடைப்பதோ வாரத்தில் ஒரு மணி நேரம். மூன்று தடவை செத்தால் அதில் பாதி போய்விடும். ஒருநாள் குகை வாசலில் தனியாக நின்று அவனுக்காகக் காத்திருந்தபோதுதான், இவன் சாகாமலிருக்க ஏதாவது செய்தாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

கெமிஸ்ட்ரி கடைசி வருஷத்தில் படிப்பை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். மாமியார் மதியம் கண்ணயரும் நேரத்தில் விளையாட்டுக்குள் போய் மூலிகை பறித்தாள். மருந்து காய்ச்சக் கற்றாள், துணியில் மந்திரம் ஏற்றித் தைக்கக் கற்றாள், இரும்பு அடிக்கக் கற்றாள். எல்லோரும் இவற்றைத் தனித்தனியாகத்தான் பழகுவார்கள்; அவள் ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் பார்த்தாள். ஒரு மருந்தைக் குடித்தால் ஒரு நிமிஷத்துக்குக் கை தேர்ந்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்குள் தைத்த கையுறையைப் போட்டுக்கொண்டு காய்ச்சினால் அடுத்த மருந்துக்கு வீரியம் கூடுகிறது. அதைக் குடித்துவிட்டுத் தைத்தால் இன்னும் நல்ல கையுறை. இது அவளுக்குப் பிடிபட்டபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்துபோயிருந்தது. கோடு போட்ட நோட்டில் அளவுகளை எழுதிவைத்தாள். எத்தனையோ கையுறைகள் கருகின. ஐந்து மாசம் கழித்து, பதினோராவது சுற்றில் தைத்த கையுறையை மாட்டிக்கொண்டு, கடைசி மருந்தைக் குடித்துவிட்டு, பட்டறையில் நின்று அந்தக் கவசத்தை அடித்தாள்.

அதைப் போட்டுக்கொண்டு ஷாகிர் டிராகன் கக்கிய நெருப்புக்குள் நின்று சிரித்தான். "எனக்கு இனிமே சாவே இல்ல புள்ள!" அன்றைக்கு முழுசாக ஒரு மணி நேரம் பனிமலை வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள். அடுத்த மாசம் வந்த அப்டேட்டில் விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள், மருந்தையும் கையுறையையும் மாற்றி மாற்றி வீரியம் ஏற்றும் வழியை அடைத்துவிட்டார்கள். ஏற்கெனவே செய்தது இருக்கும். இனி ஒருவரும் செய்ய முடியாது. அதற்குப் பிறகு ஒன்பது வாரமாக ஷாகிர் உள்ளே வரவில்லை. வெள்ளிக்கிழமையும் டூட்டி போட்டுவிட்டார்கள் என்றான். அவள் மட்டும் அஞ்சு மணிக்கு வந்து நின்றுவிட்டுப் போவாள்.

கவசம் போட்டவன் அவள் தலைக்கு மேலிருந்த பெயரைப் பார்த்துவிட்டான். எழுத்துகள் வந்து விழுந்தன.

"ஷாகிரா? நீ இன்னும் கிரிக்கெட் கிரவுண்டுக்குக் கெளம்பலையாப்பா? நாந்தான், மரியசெல்வம்."

ஷாகிரின் சூப்பர்வைசர். அவள் விரல்கள் விசைகளின் மேல் நின்றன. பிறகு, "கெளம்பிட்டேன் சார்" என்று தட்டினாள்.

"எனக்கு முட்டி வலி, இந்த வாரம் வரல. போன வாரம் மாதிரியே நீயே ஓப்பனிங் எறங்கு. ஆமா, எந்தம்பிக்கும் இதே மாதிரி ஒண்ணு செஞ்சு தாரேன்னியே?"

"செஞ்சுக்கிட்டு இருக்கேன் சார்."

போனை எடுத்து ஷாகிரைக் கூப்பிட்டாள். பின்னால் ஆட்களின் கூச்சல் கேட்டது.

"டூட்டில இருக்கேன் புள்ள. அப்பறமாப் பேசவா?"

"மரியசெல்வம் சார் உள்ள வந்தாரு. என்னைய நீங்கன்னு நெனச்சுப் பேசுனாரு."

கூச்சல் தள்ளிப்போனது. ஒதுங்கி வந்துவிட்டான் போலிருந்தது. "நீ யாருன்னு சொன்னியா?"

"இல்ல."

அவன் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது. "நல்லவேளை. நாந்தான் செஞ்சேன்னு சொல்லி வச்சிருக்கேன். பொண்டாட்டி செஞ்சு குடுத்தான்னா ரூம்ல சிரிப்பாங்க."

"அதக் குடுத்துட்டீங்களா மச்சான்?"

"ஆசப்பட்டுக் கேட்டாரு. லீவுக்கு அவருதானே கையெழுத்துப் போடணும்? நமக்காகத்தான். இன்னொண்ணு செஞ்சுக்கிட்டாப் போச்சு."

"இனிமே செய்ய முடியாதுன்னு ஒங்ககிட்ட சொன்னேனே."

"சொன்னியா?"

அவனே தொடர்ந்தான். "கோவிச்சுக்காத. எனக்கு அந்த கேம் எப்பவோ சலிச்சுப் போச்சு. ஒனக்குப் பொழுது போகணுமேன்னுதான் வந்துக்கிட்டு இருந்தேன்."

பனிமலைக்குப் போன அன்றைக்கே சலித்திருந்ததா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அவன் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.

"எப்புடியாச்சும் ஒண்ணு பண்ணிக் குடு. நீ கெட்டிக்காரி. பெருநாளைக்கு ஊர்ல இருப்பேன்." யாரோ அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போன் நின்றது.

அடுப்படியிலிருந்து மாமியார் சம்சுன் நிஹார் குரல் கொடுத்தாள். "லீவு கேட்டானாம்மா?"

"கேட்டுருக்காங்க மாமி."

"அல்லா லேசாக்கி வைக்கட்டும்" என்றாள் அவள்.

ஐந்து நிமிஷம் விசை எதையும் தொடாவிட்டால் உருவம் தானாகவே உட்கார்ந்துவிடும். ஷமீமா திரும்பிப் பார்த்தபோது கொல்லன் சந்தை நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். யார் யாரோ அவன் உடம்புக்குள் நுழைந்து மறுபக்கம் ஓடினார்கள். மரியசெல்வம் குதிரையில் வந்து எதிரே நின்று கையசைத்தார்.

"ஷாகிர், இருக்கியா?"

எழுத்துகள் மேலே எழும்பி மங்கின. அவள் கையை மடியிலேயே வைத்திருந்தாள். மறுபடியும் எழும்பின. "ஷாகிர்?" அங்கே மழை பிடித்துக்கொண்டது. கரும்பச்சைத் தோள்பட்டையில் துளிகள் பட்டுத் தெறித்தன. குதிரை வாலைச் சுழற்றியது. கொல்லனின் தாடி நனைந்துகொண்டிருந்தது.