முந்நூறாவது படிவம்

சங்குத்தீவில் ஒரு கக்கூசுகூட இல்லை. ஆனாலும் மாலைதீவோடு போட்டி போடவேண்டுமாம். உலகத்துச் சின்னத் தீவுகளுக்கெல்லாம் புள்ளி போட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அதற்காக லிங்கநகர் அஞ்சலினா ஒரு மாதமாகப் படகுத்துறையில் வெயிலில் காய்ந்து, தீவைப் பார்த்துவிட்டு வருகிறவர்களிடம் படிவம் நிரப்பி வாங்கினாள். முந்நூறு சேர்ந்தால் வேலை நிரந்தரம். ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம் என்று சுற்றுலாச் சபைக் கந்தோரில் சொல்லியிருந்தார்கள்.

கடைசி நாள் காலை முனாப் நானாவின் போட்டில் பதினொரு பேர் போனார்கள். அவர்களையும் சேர்த்தால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. அட, ஒன்றுக்காக ஒரு மாதப் பாடும் வீணாவதா? போட் திரும்புமுன் அவளே ஒன்றை எழுதினாள். இங்கிரிட், டென்மார்க், வயது முப்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் ஐந்து புள்ளி. ‘இங்கே எவ்வளவு காலம் தங்க விரும்புவீர்கள்?’ என்ற கடைசிக் கேள்விக்கு, தீவுக்குப் பெருமையாக இருக்கட்டுமென்று ‘எப்போதும்’ என்று போட்டாள்.

முனாப் நானா தலை எண்ணுவதில்லை. ஏறுகிறவர்கள் செருப்பைக் கரையில் கழற்றிவிட வேண்டும். திரும்பியபின் ஒரு சோடியும் மிஞ்சக் கூடாது. அதுதான் அவர் கணக்கு. அன்று பதினொரு பேரும் இறங்கி, படிவம் நிரப்பிக் கொடுத்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒரு சோடி மிஞ்சியது. பெண்கள் போடுகிற செருப்பு, ஈரம் காயவில்லை. யாருடையது என்று கேட்டாள்.

“அந்த டென்மார்க்காரிட. அவ வரமாட்டாவாம், தங்கச்சி,” என்றார் நானா. “எப்பவும் இருக்கலாமெண்டு நீங்கதானாம் எழுதிக் குடுத்த.”

அஞ்சலினா படிவங்கள் வைத்த பைலைத் திறந்தாள். இங்கிரிட்டின் படிவம் உள்ளேதான் இருந்தது. அப்படி ஒருத்தியைப் பற்றி அவள் ஒருவருக்கும் சொல்லவில்லை. படிவத்தைக் கிழித்தெறிந்திருக்கலாம், கிழித்தால் வேலை போய்விடும். யாராக இருந்தாலும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவோம் என்று, தன் செருப்பையும் அந்தச் சோடிக்குப் பக்கத்தில் கழற்றிவிட்டு ஏறினாள்.

தீவில் ஒரு குருவிச் சத்தம் இல்லை. நனையுமென்று பைலைப் போட்டிலேயே வைத்துவிட்டு, பாறைக்கு அந்தப் பக்கம் போய்க் கூப்பிட்டாள். ஆளில்லை. ஒரு கல்லின் கீழ் படிவம் ஒன்று கிடந்தது. அஞ்சலினா, லிங்கநகர், வயது இருபத்தாறு. எல்லாவற்றுக்கும் ஐந்து புள்ளி. கடைசிக் கேள்விக்கு ‘எப்போதும்’. அச்சொட்டாக அவளுடைய கையெழுத்து.

எஞ்சின் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். போட் போய்க்கொண்டிருந்தது. நானாவுக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருத்தி வெள்ளைக்காரி. மற்றவள் அஞ்சலினா போட்டிருந்த அதே மஞ்சள் சட்டையில், மடியில் பைலோடு இருந்தாள்.

அஞ்சலினா தொண்டை கிழியக் கத்தினாள். நானா திரும்பவேயில்லை. அவருக்கென்ன, கரையில் இரண்டு சோடி, போட்டில் இரண்டு பேர். கணக்குச் சரி.