மீசை வைத்த பூனை

எங்கள் தொழிலில் ஒரு கள்ளத்தனம் உண்டு. லோகோ கேட்டு வருபவரிடம் மூன்று படம் காட்டுவோம். ஒன்று நமக்குப் பிடித்தது. மற்ற இரண்டும் டம்மி. அவற்றைப் பார்த்து முகம் சுளித்தவர், தானாக நம்முடையதில் வந்து விழ வேண்டும். எனக்கு இது ஒருநாளும் பிசகியதில்லை.

அக்காவின் கணவர் டீத்தூள் வியாபாரி. இருபது வருடம் மூட்டையில் விற்றவர், இப்போது பாக்கெட் போடப் போகிறார். லோகோ, பாக்கெட், கடைப் பலகை எல்லாம் நான் செய்வதாகப் பேச்சு. பிடிக்காவிட்டால் அச்சகக்காரரே வரைந்துகொள்வார் என்றும் பேச்சு. நானோ வேலையை விட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி மூன்று மாதமாக ஈ ஓட்டுகிறேன். இதுவும் கைநழுவினால் பழைய மேலாளரிடம் போய்ப் பல்லைக் காட்ட வேண்டும். அதற்குப் பல்லையே பிடுங்கிக்கொள்ளலாம்.

ஒரே கோட்டில் விரியும் தேயிலைக் கொழுந்து ஒன்று வரைந்தேன். பத்து நாள் அழித்து அழித்து வரைந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே என்மேல் மரியாதை வந்தது. முதல் டம்மி, ஆவி பறக்கும் கோப்பை. இரண்டாவது, கிரீடம் வைத்த குண்டுப் பூனை. கையில் கோப்பை, பின்னால் சூரியன், ஐந்து நிறம். கை சும்மா இருந்திருக்கலாம். பூனைக்கு அத்தானின் முறுக்கு மீசையையும், சாப்பிட்டுவிட்டுக் கல்லாவில் சொக்கும் அவருடைய அரைக்கண்ணையும் வைத்துவிட்டேன்.

அத்தானின் கிடங்கில், பின்னறையில் மேசைமேல் மூன்றையும் பரப்பினேன். அக்கா பூனையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார்.

"பூனை" என்றார்.

"அத்தான், அந்த இலையை இன்னொரு தடவ பாருங்களேன்."

"பார்த்தாச்சு. ஆஸ்பத்திரி போர்டு மாதிரி இருக்கு."

"பூனைக்கும் டீக்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்கும் டீக்கும் இருக்குற சம்பந்தம்தான்" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

போச்சு, மாட்டிக்கொண்டேன். தரையைப் பார்த்தபடி நின்றேன். அவர் மூன்று வெள்ளைக் கோப்பைகளில் பால் கலக்காத டீயை ஊற்றி என் முன்னால் வைத்தார்.

"எதை முதல்ல பாக்கெட் போடலாம், குடிச்சுட்டுச் சொல்லு."

ஒவ்வொன்றாகக் குடித்தேன். மூன்றாவதை அவர் பக்கம் நகர்த்தினேன். "இதுதான். மத்ததெல்லாம் வெந்நீர்."

அத்தான் சிரித்த சிரிப்பில் அக்கா திரும்பி உள்ளே வந்துவிட்டாள்.

"நான் மாசக்கணக்கா கலந்து பார்த்தது முதல் கோப்பை. நீ எடுத்தது பெட்டி அடியில கிடந்த தூசித்தூள். அதைக் குடிச்சா முதல் கோப்பையோட அருமை தெரியும்னு வெச்சேன். உன் டம்மி வேலையெல்லாம் நீ பள்ளிக்கூடம் போறப்பவே நான் பண்ணிட்டேன், மச்சினி."

பிறகுதான் அவருக்கு உறைத்தது, முதல் கோப்பையை நான் வெந்நீர் என்று சொன்னது. சிரிப்பு நின்றது. அவர் ஆறிப்போன கோப்பையைப் பார்த்தார். நான் என் இலையைப் பார்த்தேன். எங்கள் இருவர் மூஞ்சியும் பார்க்கச் சகிக்கவில்லை.

"ரெண்டையும் போடுங்க, கடைக்கு வர்றவங்க சொல்லட்டும்" என்றாள் அக்கா.

அவருடைய அருமைக் கலவைக்கு என் இலை, தூசித்தூளுக்குப் பூனை. பூனையை இதுவரை நாலு தடவை அச்சடித்தாகிவிட்டது. அதைப் பார்த்துப் பக்கத்து பேக்கரிக்காரர் வந்து, தன் தொந்தியை வைத்து ஒரு கரடி வேண்டும் என்கிறார். மேலாளர் பக்கம் நான் போகவே இல்லை. இலை போட்ட பாக்கெட்டுகள் மேல் தட்டில் அழகாகத் தூசி படிந்து நிற்கின்றன. பார்த்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது. ஜனங்களுக்கு ரசனையே இல்லை என்று கடையில் நின்று திட்டிவிட்டு, நேற்றும் வீட்டுக்கு ஒரு பூனைதான் வாங்கி வந்தேன்.