அக்ரூட் கறை

மராகேஷ் நகரத்தின் இரைச்சல் நெஸ்ஹாவின் காதை விட்டு இறங்க வெகு நேரம் பிடித்தது. ஷேர் டாக்ஸி மலைக்குள் நுழைந்து, ஆறும் கூடவே வரத் தொடங்கிய பிறகுதான் மோட்டார் சைக்கிள் சத்தமும் செம்பு தட்டும் சத்தமும் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. நால்வர் நெருக்கியடித்த பின் சீட்டில் அவள் அரைத்தூக்கத்தில் மிதந்துகொண்டிருந்தாள்.

மணப்பெண்களின் வெள்ளைப் பட்டு கஃப்தான் அங்கிக்குக் கையால் பொத்தான் கட்டுவது அவள் தொழில். அவளுடைய சந்துக்கு அக்ரூட் விற்க வரும் ஹம்மு, போன வசந்தத்தில் அவளைப் பெண் கேட்டான். "உங்க ஊரைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றிருந்தாள். இன்று சாயங்காலம் டாக்ஸி திரும்புவதற்குள் சொல்லியாக வேண்டும். இந்த வயதில் இன்னொருத்தன் வந்து கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்காகத் தலையாட்டிவிடவும் மனம் வரவில்லை.

ஹம்முவின் ஊர்ப் பள்ளத்தாக்கில் அக்ரூட் அறுவடை நடந்துகொண்டிருந்தது. மரமேறிக் கழியால் காய்களை அடித்தபடி, இலைகளுக்குள்ளிருந்து முகம் தெரியாதவர்கள் பேசினார்கள், சிரித்தார்கள். காய்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தபடி இருந்தன. ஹம்முவின் தங்கை இஜ்ஜா ஓடி வந்து, மணிக்கட்டு வரை கறுத்த கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கன்னத்தோடு கன்னம் வைத்தாள்.

"மதினி, நீங்க கம்பளத்துல உக்காருங்க. பச்சைத் தோலைத் தொட்டுடாதீங்க, மாசக்கணக்கா கறை போகாது. பட்டுத் தொடற கையாச்சே!"

புதினா டீ வந்தது. உரித்த அக்ரூட் பருப்பு தேனோடு வந்தது. இலைகளின் வழியே வெயில் பச்சையாக இறங்கியது. வாய்க்கால் தண்ணீர் எங்கோ காலடியில் ஓடியது. நெஸ்ஹாவுக்குத் தான் விழித்திருக்கிறோமா என்றே சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் உள்ளே ஒரு கசப்பு. எல்லாம் அழகுதான், நானோ வெறும் விருந்தாளி.

அப்போது ஹம்மு வந்து நின்றான். சலவை செய்ததுபோல் வெளுத்த கைகள். மரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

"டேய் ஹம்மு, ரொம்பத் தேய்க்காதடா, தோலு உரிஞ்சிடும்!"

மரத்துக்கு மரம் சிரிப்பு பரவியது.

"உங்க மரத்தை யார் அடிச்சாங்க?" என்று கேட்டாள் நெஸ்ஹா.

"தங்கச்சி."

"நீங்க?"

"பட்டுல வேலை செய்யறவங்க, இந்தக் கறையைப் பார்த்து முகம் சுளிப்பீங்களோன்னு... அறுவடை ஆரம்பிச்சதுலேருந்து மரத்துப் பக்கமே போகலை."

"அண்ணன் துரை மாதிரி உக்காந்து கையில எலுமிச்சம்பழம் தேய்ச்சார் மதினி! எனக்குத்தான் தோள்பட்டை கழண்டு போச்சு" என்றாள் இஜ்ஜா.

நெஸ்ஹாவுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. சந்தில் அவன் தராசு பிடிக்கும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்ததே அந்தக் கறுத்த விரல்களைத்தான். அவற்றுக்காகவே தேவையில்லாமல் எத்தனை முறை அக்ரூட் வாங்கியிருக்கிறாள்! மண்டு, மண்டு என்று மனசுக்குள் திட்டினாள். திட்டத் திட்ட அவன்மேல் ஆசை பொங்கியது.

எழுந்து போய்க் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு காயை எடுத்துத் தோலைப் பிய்த்தாள்.

"ஐயோ மதினி! உங்க பொழப்பு!"

"கறை போற வரைக்கும் கறுப்பு ஜெல்லாபா அங்கிக்குப் பொத்தான் கட்டிக்கறேன். நீ தள்ளி உக்காரு."

சாறு முதலில் மஞ்சளாக ஒட்டியது. பிறகு பழுப்பானது, பிறகு கறுத்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற ஹம்மு, சட்டைக் கையை மடித்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். குவியல் குறையக் குறைய இருவரும் உரித்துக்கொண்டே இருந்தார்கள். வெயில் மலையின் அந்தப் பக்கமாக மெல்ல நகர்ந்தது.

சாயங்காலம் ரோடு வரை கூடவே வந்தான். கேட்க வேண்டியதை விட்டுவிட்டு டாக்ஸி வரும் நேரத்தைப் பற்றியே பேசினான். டாக்ஸி நின்றது, காலையில் வந்த அதே டிரைவர். கதவைப் பிடித்த அவள் கையைப் பார்த்துவிட்டு அவர் கண்ணை அகல விரித்தார்.

"அட, எங்க மலைப் பொண்ணா நீங்க? காலையில பட்டணத்து ஆளுன்னுல்ல நெனச்சேன். எந்த வீடு?"

நெஸ்ஹா ஹம்முவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இதோ நிக்கறாரே," என்றாள் உரக்க, "இவர் வீடு."